மேடையில் இல்லாதவர்

"இங்க சாப்பிட வர்ற ரோஷ் அம்மா நீங்கதானே?"

ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி அடெல்ஹைட் ரோஷ் சூப்புக் கிண்ணத்தின் முன் விரல்களைக் கோத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். "ஆமென்" என்று முடித்த பிறகே நிமிர்ந்தார். எதிரே நின்ற பெண்ணின் கையில் இரண்டு கைப்பேசிகள் இருந்தன. ஒன்று அவளுடையது, மற்றொன்று அவள் கணவருடையது.

சூப்பைக் கொண்டுவந்து வைத்த மால்ட்டேக்கு இருப்புக் கொள்ளவில்லை. வடக்கே ரோஸ்டாக்கிலிருந்து இந்தத் தெற்கத்தி ஊர் விடுதிக்கு வேலைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படியொரு தலைவலி.

"என் பேரு வீப்கே. ஹாம்பர்க்லேருந்து வந்திருக்கோம். என் வீட்டுக்காரர் ஹென்னிங்கைக் காணோம். இன்சுலின் போட்டுக்கிட்டு, சாப்பாடு வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டார். ஒரு வாய் சாப்பிடல. இப்படியே விட்டா மயங்கி விழுந்துடுவார், உயிருக்கே ஆபத்து."

"ஏன் எழுந்து போனார்?"

வீப்கே தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் திட்டினேன். கல்யாண நாளுன்னு வந்தோம். கோட்டைச் சுவர்மேல ரெண்டு பேரும் நடக்கலாம்னு பார்த்தா, யாரோ ஒருத்தியோட குழந்தை வண்டிய படியேத்திவிடப் போயிட்டார். எங்க போனாலும் இதே கதை. 'ஊருக்கே உதவற மனுஷனுக்குப் பொண்டாட்டி எதுக்கு'ன்னு கேட்டுட்டேன்."

மால்ட்டே பொறுக்கமாட்டாமல் குறுக்கே புகுந்தான். "நான்தான் அப்பவே சொன்னேனே, அவர் சந்தைத் திடல்ல இருக்கற நாடக மேடையில இருக்கார்னு!"

"போய்ப் பார்த்தேனே! திருவிழாவுக்கு முரசு அடிச்சுப் பழகறவங்கதான் இருந்தாங்க. நாலு பேர் முன்னால வாயே திறக்காத மனுஷன் மேடை ஏறுவாரா? போலீஸ்காரங்க அகழி ஓரமா தேடப் போயிருக்காங்க. அகழின்னு சொன்னதுலேருந்து எனக்குக் கை காலே ஓடல."

ரோஷ் அம்மா மால்ட்டேயின் பக்கம் திரும்பினார். "மேடையில இருக்கார்னு உனக்கு யார் சொன்னது?"

"வயசான அம்மா ஒருத்தங்க. தலையில கட்டின துணியெல்லாம் ஒட்டடை, கையில கூடை. 'வீப்கேன்னு ஒருத்தங்ககிட்ட சொல்லு, அவங்க வீட்டுக்காரர் மேடையில இருக்கார், இறங்க முடியல, யாராவது வரணும்'னாங்க. நாடகத்துல வேஷம் கிடைச்சிருக்கு, பார்க்கக் கூப்பிடறார்னு நினைச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாங்க. போறப்ப இதை என் கையில திணிச்சுட்டுப் போனாங்க."

மேசைமேல் கிடந்த ஆப்பிளைக் காட்டினான். தோல் கிழவியின் கன்னம்போலச் சுருங்கியிருந்தது. "குப்பையில போடலாம்னு எடுத்து வெச்சேன்."

"போட்டுடாதே."

ரோஷ் அம்மா ஆப்பிளை எடுத்து முகர்ந்து பார்த்தார். அந்த நிதானம் மால்ட்டேக்கு எரிச்சலாக இருந்தது. அங்கே ஒரு மனுஷன் எங்கேயோ மயங்கிக் கிடக்கலாம், இவர் பழத்தை முகர்ந்துகொண்டிருக்கிறாரே!

"நான் இன்னொரு தடவை மேடைக்கு அடியில பார்த்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். இது என்ன மாசம்?"

"மே."

"இந்த ஊர் மரத்துல இப்ப பூதான் இருக்கும். இது போன வருஷத்துப் பழம். வைக்கோல் வாசம் வருது. சரி, அந்தம்மா சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு, உன் வார்த்தையில வேண்டாம்."

"'ப்யூனே'ல இருக்கார்னாங்க. ப்யூனேன்னா மேடைதானே?"

"ஆமா, மேடைதான்" என்றாள் வீப்கே.

"உங்க வடக்குல மேடை. எங்க ஸ்வாபியாவுல கூரைக்கு அடியில இருக்கற பரணுக்கு அதுதான் பேரு." ரோஷ் அம்மா எழுந்துவிட்டார், சூப்பில் கரண்டிகூடப் படவில்லை. "தலைத்துணியில ஒட்டடை, வைக்கோல்ல வெச்ச பழம், இறங்க முடியாத மனுஷன். மே வரைக்கும் பரண்ல ஆப்பிள் காப்பாத்தி, கூடையில எடுத்துக்கிட்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரி நோயாளிங்களுக்குக் கொடுக்கறவ இங்க ஒருத்திதான். நோட்புர்கா. மதில் ஓரத்துச் சந்துல வீடு. மால்ட்டே, ஏணியை எடு!"

மால்ட்டே ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். சந்தில் முரசுச் சத்தம் காதைப் பிளந்தது. இங்கே ஒருவர் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. அந்தக் கிழவி பழம் கொடுத்து நம்பிச் சொன்ன சேதியை இப்படிக் குலைத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டான். ஆண்டவரே, அவரைக் காப்பாற்றும் என்று ஓடிக்கொண்டே வேண்டிக்கொண்டான்.

பின்னாலேயே வந்த ரோஷ் அம்மா வாசலில் இருந்த பூந்தொட்டியை நகர்த்தினார், அடியில் சாவி இருந்தது. உள்ளே, பரண் வாய்க்குக் கீழே ஒரு பழைய ஏணி இரண்டாக முறிந்து கிடந்தது.

"ஹென்னிங்!"

கத்திவிட்டு வீப்கே மால்ட்டேயின் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு மேலே வைக்கோல் சரசரத்தது.

"வீப்கே? நீயா? அந்தம்மாவுக்குக் கூடையை இறக்கிக் கொடுத்தேன். திரும்ப இறங்கக் காலை வெச்சேன், ஏணி போயிடுச்சு." பரண் வாயில் ஒரு வெளுத்த முகம் எட்டிப் பார்த்தது. "கை நடுங்க ஆரம்பிச்சதும் இங்க இருந்த பழத்தைத் தின்னுட்டேன். நிறையத் தின்னுட்டேன். பாவம், யாருக்கோ வெச்சிருந்தது."

"அவ நோயாளிக்குன்னுதான் வெச்சிருந்தா" என்றார் ரோஷ் அம்மா. "நோயாளிக்குத்தான் போயிருக்கு."

மால்ட்டே சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

ஏணியைச் சார்த்தினார்கள். மால்ட்டே பிடிக்கப் போனான். வீப்கே அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் தானே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஹென்னிங் இறங்கி வந்து அவளைப் பார்த்தார். பிறகு அவர் கண் முறிந்த ஏணியின் பக்கம் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பயந்து மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் வீப்கே. "அந்தம்மா வந்தா ஏணிக்கு எங்க போவாங்கன்னுதானே யோசிக்கறீங்க? முதல்ல சாப்பாடு. அப்புறம் சுத்தியல் எங்கேன்னு தேடலாம். நான் ஆணி எடுத்துக் கொடுக்கறேன்."