பெட்டியில் வைத்த லேப்டாப்

சாரம் பகுதியில் இருக்கிற மாமியார் வீட்டு கேட்டைத் திறக்கும்போதே எனக்கு எரிச்சல். தாழ்ப்பாள் துருப்பிடித்து, ஆட்டி ஆட்டி இழுத்தால்தான் நகரும். நகரும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிடும். கொஞ்சம் எண்ணெய் விடுங்கள் என்று மாமா உயிரோடு இருந்தபோதே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அன்று மழை வேறு.

மறுநாள் காலை மாமாவுக்கு முப்பதாம் நாள் பூசை. மாமா என்றால் சூசைநாதன், என் மனைவி ஜாஸ்லினின் அப்பா, ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவர் படம் போட்ட நினைவு அட்டை வேண்டும். கடையில் கொடுத்தால் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் அடித்துத் தந்துவிடுவான். ஆனால் என் மாமியார் புஷ்பமேரிக்கு, மாமா ஆசையாக வாங்கி வைத்த பிரிண்டரில்தான் அடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "நீங்க போயி கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்" என்று ஜாஸ்லின் என் தலையில் கட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

சரி, எந்தப் படத்தை அடிப்பது? அதுதான் பெரிய கூத்து. வீட்டில் எல்லாரையும் படம் எடுப்பவர் மாமா. அவரை எடுத்தவர் அநேகமாக யாருமில்லை. கடற்கரையில், கறுப்புப் பாறை மேல் உட்கார்ந்து, தலையில் தொப்பியோடு அவர் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஒரு படம் அவருடைய லேப்டாப்பில் இருந்தது. அடக்கத்தன்று அத்தை அழுதபடியே ஜெபமாலையோடும் மூக்குக்கண்ணாடியோடும் அந்த லேப்டாப்பையும் சவப்பெட்டிக்குள் அவர் கால்மாட்டில் வைத்துவிட்டார். பிரிண்டர் ஒயரும் அதோடு போய்விட்டது. பிடித்த பொருளைக் கூடவே அனுப்பினாராம். துக்க வீட்டில் யார் வாயைத் திறப்பது? படம் அதில்தான் இருக்கிறது என்பது மண் காய்ந்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

"கண்ண மூடுனா மொகமே வர மாட்டேங்குது மாப்ள," என்றார் அத்தை, காப்பியை நீட்டியபடி. "தொப்பி வருது, மூக்கு வருது. மொகம் வரல. நாப்பது வருஷம் கூட இருந்துட்டு இப்புடி மறப்பாங்களா? சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும்."

"ஆதார் படத்த வச்சு அடிச்சுடறேன் அத்த. வேற வழியில்ல."

"அதுல திருடன் மாட்டிகிட்ட மாதிரி இருக்காரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மாமாவின் அறையில் அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார மனம் வராமல், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒயர் இல்லை, வைஃபைதான் கதி. என் லேப்டாப்பில் என் போன் தெரிந்தது, ஹாலில் இருக்கிற டிவி தெரிந்தது. கை நீட்டினால் தொடுகிற பிரிண்டர் மட்டும் தெரியவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். ஷேரிங்கை நிறுத்தி மறுபடி ஆன் செய்தேன். பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தேன், தப்பு என்றது; அதையே மறுபடி அடித்தேன், சரி என்றது. சனியனே என்று அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டினேன். மத்தியானம் முழுக்க இதே பிழைப்பு.

ஒருவழியாகப் பிரிண்டரின் பெயர் திரையில் வந்தது.

அதற்குக் கீழே இன்னொரு கம்ப்யூட்டரின் பெயரும் வந்தது.

சூசைநாதன்.

பழைய பெயர் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத்தான் அழுத்தினேன். திறந்துவிட்டது. உள்ளே போட்டோ ஃபோல்டர். அதற்குள் பாறை, தொப்பி, சிரிப்பு.

"இதான்! இதான் மாப்ள!" அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரையில் அது நகம் அளவுக்குத்தான் இருந்தது, முகம் தெளியவில்லை. "பெருசா எடுங்க!"

படத்தை என் லேப்டாப்புக்கு காப்பி செய்தேன். பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்து நின்றுவிட்டது. போனில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மாமாவின் லேப்டாப் வைஃபையில் இருந்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு.

இந்த வீட்டு வைஃபை கேட்டைத் தாண்டாது. மாமாவை அடக்கம் செய்தது ஊரின் இன்னொரு பக்கம், உப்பளம் கல்லறைத் தோட்டத்தில். அந்த லேப்டாப்புக்கோ சார்ஜர் இல்லாமல் கொஞ்ச நேரம்கூட உயிர் நிற்காது.

அங்கேயே மூடிவைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஆனால் அத்தை என் தோளைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு நகரவே இல்லை. எனக்கு வெறி வந்துவிட்டது.

"அவ்ளோ தூரத்துல இருந்தா எப்புடி வரும்? கிட்ட வந்து தொலையேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

வெளியே கேட் கிறீச்சிட்டது.

சிக்னல் இரண்டு கோடு.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கேட் திறந்து கிடந்தது. மழையில் ஆள் யாரும் இல்லை.

"யாரு மாப்ள?"

"காத்து அத்த."

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. ஹாலில் ஏதோ சத்தம். ஈரக் காலுறை மொசைக் தரையில் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு வருகிற சத்தம். அடக்கத்தன்று மாமாவுக்கு வெள்ளைக் காலுறை போட்டுவிட்டவன் நான்தான்.

மூன்று கோடு.

கேன்சலை அழுத்தினேன். கேட்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன மெஷின் அன்று முழுக்க நான் சொன்ன எதையும் கேட்கவில்லை, இதை மட்டும் கேட்டுவிடுமா? ஈர மண் வாடை அறைக்குள் வந்தது. கூடவே அணைந்த மெழுகுவத்தியின் வாடை.

முழு சிக்னல்.

நான் பிரிண்ட் கொடுக்கவில்லை. பிரிண்டர் தானாகவே தாளை இழுத்துக்கொண்டது. அட்டை மெல்ல வெளியே வந்தது. எடுத்துப் பார்த்தேன்.

கடல் இருந்தது. பாறை இருந்தது. பாறைமேல் தொப்பி இருந்தது.

மாமா இல்லை.

"அத்த... படம் சரியா வரல..." என்று திரும்பினேன்.

அத்தை அட்டையைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது, ஆள் உட்கார்ந்தால் முனகுகிற மாதிரி, ஒருமுறை முனகியது. எனக்குக் கழுத்தைத் திருப்பத் துணிவில்லை.

மாமா போன நாளிலிருந்து சிரிக்காத அத்தை, வாய் நிறையச் சிரித்தார்.

"ஏங்க," என்று மெதுவாகக் கேட்டார், "தொப்பிய எங்க விட்டுட்டு வந்தீங்க?"