ஆறாவது வெள்ளை

லீவென் வரைந்து அனுப்பிய பலகையில் வெள்ளை இடங்கள் ஆறு இருந்தன. யோஸ் கேட்டது ஐந்து.

ஆன்ட்வெர்ப் நகரில் ஒரு படத்தை ஒருவனே முடிப்பது அபூர்வம். அறையையும் திரைச்சீலையையும் கண்ணாடிக் கோப்பைகளையும் லீவென் வரைவான். குரங்குகள் வர வேண்டிய இடங்களில் மட்டும் சாயம் படாமல், சுண்ணாம்பு அடிப்பூச்சை அப்படியே விட்டுவைப்பான். அந்த வெள்ளைகளில் யோஸ் தன் குரங்குகளை உட்காரவைப்பான். நீதிபதிக் குரங்கு, பல் பிடுங்கும் குரங்கு, மனைவியிடம் ஏமாந்த குரங்கு. ஊர் பார்த்துச் சிரிக்கும், வாங்கிப் போகும்.

இம்முறை குடித்துச் சிரிக்கும் ஐந்து குரங்குகள். நான்கு நாளில் முடித்தான். ஆறாவது வெள்ளை கட்டிலின் மேல் நீளமாகக் கிடந்தது. லீவெனின் கை பிசகியிருக்கும் என்று விட்டுவிட்டான். ஆகஸ்டில் மனைவி மைக்கெனைப் புதைத்த பிறகு அவன் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஐந்தாம் நாள் மதியம், ஆளிவிதை எண்ணெயின் வாடையும் கணப்பில் ஈரவிறகு சீறும் ஓசையும் நிறைந்த அந்த மாடியறையில், டிசம்பரின் சாம்பல் வெளிச்சம் பலகையின் மீது சாய்ந்தபோதுதான் படத்திலிருந்த கட்டில் திரையின் தையல் கண்ணில் பட்டது. சிவப்புத் துணியில் பச்சை நூல். யோஸின் கட்டில் திரையில், சிவப்பு நூல் தீர்ந்துபோய் மைக்கென் பச்சையில் தைத்த அதே தையல். திரையின் உட்பக்கம். அந்தக் கட்டிலில் படுத்தவனுக்கு மட்டுமே தெரியும்.

லீவென் இந்த மாடிக்கு ஏறியதே இல்லை என்று யோஸ் நினைத்திருந்தான்.

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து லீவெனிடம் போனான்.

"என்னடா மூஞ்சி இது?" என்றான் லீவென். "குரங்குங்க கோவிச்சுக்கிட்டு ஓடிப்போச்சா?"

"ஆறு விட்டிருக்க."

"அஞ்சுதான். ஆறாவதா உன்ன உக்கார வெக்கவா?" என்றபடி பலகையைத் திருப்பினான். சிரிப்பு நின்றது. "இத நான் விடல. இங்க போர்வைதான் போட்டேன். மடிப்பு மடிப்பா, ரெண்டு நாள் வேல."

"அந்தத் தையல எங்க பாத்த?"

லீவென் சுத்தமாக இருந்த தூரிகையைத் துணியில் துடைத்தான்.

"எத்தன நாளா?"

"ரெண்டு குளிர்காலம். நீ ஓவியர் சங்கத்துக்குப் போற வியாழக்கிழமைல." குரல் இறங்கியது. "அவளே போயிட்டா யோஸ். விட்டுடேன்."

அவள் போய்விட்டாள். அவள் தன்னுடையவளாக இருந்தாள் என்பது ஒன்றுதான் அவனிடம் மிஞ்சியிருந்தது. அதையும் இப்போது காணோம்.

திரும்பி வந்து பலகையைச் சட்டத்தில் வைத்து, எதிரே முக்காலியில் உட்கார்ந்தான். அவளையும் குரங்காக்கிவிடுவது என்று முடிவு செய்தான். அவளுடைய சரிகை வைத்த தொப்பியோடு, அந்தக் கட்டிலில். ஊர் பார்த்துச் சிரிக்கட்டும்.

பழுப்பைக் குழைத்து ஆறாவது வெள்ளையில் முகத்தின் இடத்தில் இழுத்தான். சாயம் உள்ளே இறங்கி மறைந்தது. மறுபடி இழுத்தான். வெள்ளை. தடித்துப் பூசினான். வெள்ளை. மணலில் ஊற்றிய தண்ணீர் போல ஒரு மெல்லிய உறிஞ்சல் சத்தம் பலகைக்குள்ளிருந்து வந்தது.

கணப்பு அணைந்திருந்தது. அறையில் மைக்கெனின் தலைமுடி வாசனை.

குரங்குகளைப் பார்த்தான். ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கும்படிதான் வரைந்திருந்தான். இப்போது ஐந்தும் கட்டிலைப் பார்த்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். ஐந்தும் அவனைப் பார்த்தன.

கட்டிலில் வெள்ளை இல்லை. போர்வை இருந்தது. மடிப்பு மடிப்பாக.

வெள்ளை முன்னால் வந்திருந்தது. படுத்திருக்கவில்லை. கட்டிலருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. ஆண் உருவம். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வலக்கை தூக்கியிருந்தது.

யோஸ் கையைத் தாழ்த்தினான்.

அதுவும் தாழ்த்தியது.

எழ முயன்றான். கால்கள் முக்காலியைவிட்டு வரவில்லை. தூரிகை விழுந்தது. சத்தம் கேட்கவில்லை.

விரல்களைப் பார்த்தான். நகமில்லை. ரேகையில்லை. சுண்ணாம்பு வெள்ளை. மணிக்கட்டு. முழங்கை.

போர்வைக்கடியில் இரண்டு உடல்கள் அசைந்தன.

கண்ணை மூடப் பார்த்தான். இமை இல்லை.

ஐந்து குரங்குகளும் கோப்பையைத் தூக்கின.