மூன்றாவது சிலிண்டர்

ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் சத்தத்தில் ஒரு அடி விழாமல் போயிற்று. உடனே சரியாயிற்று. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒரு அடி தவறியது. பூதத்தான் கைக் கந்தலைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். பிஸ்டன் மாற்றி, வால்வுகளைத் தானே உட்கார்ந்து தேய்த்து, திரும்பக் கோத்த என்ஜின். இன்று காலையில்தான் உயிர் வந்தது. அது திக்கக் கூடாது.

பாகிஸ்தான் சண்டை முடிந்து வந்த முதல் மழைக்காலம் அது. தாராவியில் மத்தியானமே இருட்டிக்கொண்டு, தகரக் கூரையில் மழை இரைய, தோல் கிடங்குகளின் ஊறல் நாற்றமும் பெட்ரோல் புகையும் ஈரச் சாக்கின் முடையும் வெளியே போக வழியில்லாமல் ஷெட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. அந்த என்ஜின் பூட்டிய கறுப்புச் சீமைக் கார் சக்கரமில்லாமல் கட்டைகளின் மேல் நின்றது. இருட்டடிப்புக்காக விளக்குகளில் பாதிக்குப் பூசிய கறுப்பை இன்னும் யாரும் சுரண்டவில்லை. அரைக்கண் மூடிப் படுத்திருக்கும் ஆள் பார்ப்பதுபோல அது அவனைப் பார்த்தது.

பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம்தான் வீடு. மனைவி முருகம்மாளுக்கு நிறைமாதம். இதற்கு முன்னே உண்டானவை இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும். சக்கரத்தை மாட்டி வண்டியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் அவளைச் சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

"பேரு பூதத்தான். ஒரு திக்கலுக்குப் போயி இந்த முழி முழிக்கீயளே அண்ணாச்சி!" வயரிங் வேலை பார்க்கிற ஜமால் சிரித்தான்.

"பிளக்கு மாத்தியாச்சுலே. பாயிண்டு தேச்சாச்சு. கம்ப்ரஷனும் கையைத் தள்ளுது. பொறவு என்ன கேடு இதுக்கு?"

"பம்ப்பா இருக்கும். பாட்டில்ல குடுத்துப் பாப்போம்."

ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி உத்திரத்தில் தொங்கவிட்டு, ரப்பர் குழாயைக் கார்புரேட்டரில் மாட்டினார்கள். அப்போதும் திக்கியது.

இனி ஒவ்வொரு பிளக்கு வயராகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் என்ஜின் தள்ளாடும். கெட்டதை எடுத்தால் ஒன்றும் மாறாது. முதலாவதை எடுத்தான், தள்ளாடியது. இரண்டாவதற்கும் தள்ளாடியது. மூன்றாவதை எடுத்தான். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஹோ கயா, முடிஞ்சுது! இவன்தான் திருடன்," என்றான் ஜமால்.

பலகைக்கு அந்தப்பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"ஏங்க!"

"என்னட்டி?"

"உருண்டுக்கிட்டு இருந்த புள்ள சட்டுனு நின்னுட்டு…"

அவன் கை தானாக வயரை மாட்டியது.

"இல்ல, இல்ல. இந்தா உதைக்கி. படுவா, பயங்காட்டிட்டான்." அவள் சிரித்தாள்.

பூதத்தான் சிரிக்கவில்லை. என்ஜின் ஒரு அடி தவறியது. அந்தப்பக்கம் 'ம்ஹ்' என்று அவள் மூச்சு இழுபட்டது. மறுபடி தவறியது. மறுபடி 'ம்ஹ்'.

"எப்பப் புடிச்சுட்டி இப்படி?"

"காலையில நீங்க அதை முடுக்கினதுல இருந்துதான். நிக்கி, பொறவு துள்ளுது. அப்பன் கட்டுன என்ஜின்லா, அதான்!"

ஜமால் குரலைத் தாழ்த்தினான். "முடுக்கும்போது பழம் வச்சீயளா அண்ணாச்சி?"

"வைக்காமலா? நசுக்குறதுக்குச் சக்கரம் இல்லல்லா. சொடலைக்குச் சொல்லிச் சுத்தி, என்ஜின் மேலயே வச்சேன்."

இருவரும் பார்த்தார்கள். என்ஜின் மேல் பழம் இல்லை. குனிந்து பார்த்தார்கள். கீழேயும் இல்லை.

"எலுமிச்சம்பழமா தேடுதீய?" என்றாள் முருகம்மாள் உள்ளிருந்து. "வாசத் தண்ணியில உருண்டு வந்து கெடந்துது. வாய் புளிப்புக்குத் தவிச்சுதுன்னு உப்பு வச்சுத் தின்னுட்டேன். ஒரு பழத்துக்குப் போயி இவ்வளவு விசாரணையா?"

என்ஜின் ஆட்டத்தில் உருண்டு விழுந்ததை மழை கழுவியிருக்கும். தடவிய குங்குமம் போயிருக்கும். உயிர் வந்த இரும்புக்கு முதல் பலியாகச் சுற்றிய பழம். அதை மனிதர் வாயில் வைப்பதில்லை.

"அணைச்சிருங்க அண்ணாச்சி," என்றான் ஜமால். அவன் முகத்தில் இப்போது கேலி இல்லை.

பூதத்தான் சாவியைத் திருப்பினான். என்ஜின் நின்றது. மழைச் சத்தம் மட்டும். உள்ளே அந்த 'ம்ஹ்' இல்லை.

"ஏட்டி?"

"அய்யோ… கல்லு மாதிரி கெடக்குங்க… புள்ள கல்லு மாதிரி…"

சாவியை மறுபடி திருப்பினான். ஹேண்டிலைச் சொருகி இரண்டு கையாலும் சுற்றினான். ஒரு முறை. இன்னொரு முறை. என்ஜின் பிடித்தது.

"அசையுது," என்று அழுதாள் அவள். "அசையுதுங்க."

ஜமால் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினான். "பெட்ரோல் கொண்டாரேன். அதை மட்டும் நிக்க விட்டுராதீய!"

பாட்டிலில் கால்வாசி இருந்தது. பூதத்தான் ஆக்ஸிலரேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே தண்ணீர் படியேறியது. ஜமால் வரவில்லை. பாட்டிலில் இரண்டு விரல். ஒரு விரல். ஒரு ஓரத்தில் மட்டும் மினுங்கல்.

பிறகு அதுவும் இல்லை.

நிற்கப்போகிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நிற்கவில்லை.

திக்கவும் இல்லை. அவன் கட்டிய எந்த என்ஜினும் இத்தனை சீராக ஓடியதில்லை. கண்ணைத் திறந்தான். காலிப் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. குழாயைப் பிடுங்கினான். ஓடியது. சாவியைத் திருப்பினான். ஓடியது. நான்கு வயரையும் பிய்த்து எறிந்தான். ஓடியது.

"முருகம்மா?"

தடுப்பைப் பார்த்துக் கத்தினான்.

"முருகம்மா!"

தடுப்பைச் சுற்றி ஓடத் திரும்பியவனுக்கு ஈரத்தில் கால் வழுக்கியது. விழாமலிருக்க என்ஜினின் மேல் கையை ஊன்றினான். சுடும் என்று நினைத்தான். சுடவில்லை. வெறும் உடம்புச் சூடு. இரும்பு மெத்தென்று உள்வாங்கியது.

மூன்றாவது சிலிண்டர் இருக்கிற இடத்தில், உள்ளிருந்து, ஒரு சின்னக் குதிகால் அவன் உள்ளங்கையை உதைத்தது.