பிழையில்லாத விலாசம்

ஃபேரர் பார்க்கில், நகைக்கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நின்றது அந்தப் பழைய கடைவீடு. பத்து நாள் ஊழியத்துக்கென்று பனைவிளைச் சபையிலிருந்து சிங்கப்பூர் வந்து அங்கே தங்கியிருந்த ஐந்து பேரில் பாப்பம்மாளும் ஒருத்தி. முப்பது வருஷம் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவள். நாற்பத்தேழு வயதில் சபையின் எழுத்து வகுப்பில் உட்கார்ந்து, மூன்றே வருஷத்தில் வேதம் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். 'ர'வும் 'ற'வும் மட்டும் இன்னும் அவளை ஏய்த்துக்கொண்டிருந்தன.

கிளம்ப அவளுக்கு மனசே இல்லை. மகள் கிருபா நிறைமாசம். ராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு வருவாள். பகலில் வீட்டில் கிருபா மட்டும்தான்.

"போயிட்டு வாம்மா. நீ வர்ற வரைக்கும் உள்ளேயே இருன்னு பிள்ளைகிட்ட சொல்லியாச்சு" என்று சிரித்து அனுப்பினாள் கிருபா.

இங்கே பாப்பம்மாளுக்குக் கிடைத்தது எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவில் வரும் தொழிலாளிகளுக்குக் கீழே டீயும் பன்னும். ஜெபம் கேட்பவர்கள் மாடிக்கு ஏறி வருவார்கள். பேர், ஊர், குறை மூன்றையும் கேட்டுச் சீட்டில் எழுதி, தகரப் பெட்டியில் போட வேண்டும்.

"பாப்பம்மாக்கா இப்ப நம்ம சபை ரைட்டரு" என்று எபநேசர் பாஸ்டர் கேலி செய்தார். அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று ஞாயிறு, மாலை நாலு மணி. மழை பிடித்துக்கொண்டது. தெருவின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. பாப்பம்மாள் எதிரே கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று வாசம் வந்தது. பச்சைச் சிமெண்ட். அப்போதுதான் தண்ணீர் விட்டுக் குழைத்த கலவை. முப்பது வருஷம் தலையில் சுமந்த வாசம், தப்பாது.

இந்த மழையில் எவன் கலவை போடுகிறான்?

கர்ர்ர்ர்.

நாற்காலி இழுபட்டது. ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். தலைமுடியெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வெளியே அப்படிக் கொட்டுகிறது, அவன் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பேரு சொல்லுங்க தம்பி."

"அழகப்பன்."

எழுதினாள்.

"ஊரு?"

அவன் வெகுநேரம் யோசித்தான்.

"மறந்துபோச்சுக்கா. எப்படி யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

"என்ன குறை?"

"வீட்டுக்குப் போகணும்."

பாவமாக இருந்தது அவளுக்கு. ஊர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்டர், எழுதத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ? அவள் பிழையில்லாமல் எழுதக்கூடிய விலாசம் உலகத்திலேயே ஒன்றுதான், அவள் வீட்டு விலாசம். வகுப்பில் நூறு தடவை எழுதிப் பழகியது. ஆண்டவருக்குத் தெரியாத ஊரா, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கை தானாக எழுதியது: 3/41, கிழக்குத் தெரு, பனைவிளை.

அவன் எட்டி அதைப் பார்த்தான். உதடு அசைய அசைய, எழுத்துக் கூட்டி வாசித்தான். அவள் சீட்டைப் பெட்டியில் போட்டதும் எழுந்தான்.

"போயிட்டு வாங்க தம்பி" என்றாள், எல்லோருக்கும் சொல்வது போல.

அவன் நின்றான்.

"என்னை யாரும் வாங்கன்னு சொன்னதே இல்லக்கா" என்றான். "வரேன்."

பழைய மரப்படி. எலி ஏறினாலும் முனகும். அவன் இறங்கியபோது அது முனகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கடைவீட்டைப் பார்த்துக்கொள்ளும் சுதா டீயோடு ஏறி வந்தாள்.

"யார்கிட்ட அக்கா பேசிட்டிருந்தீங்க? மழைன்னு கீழ டோர் லாக் பண்ணிட்டேன் லா. யாருமே ஏறல."

"அழகப்பன்னு ஒரு தம்பி..."

சுதா டீயைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இந்த வீட்டுப் பின்சுவர் பூசினாங்க அக்கா. சாரம் சரிஞ்சு ஒரு ஆள் கலவைக்குள்ள விழுந்து..." குரல் தணிந்தது. "அவர் பேருதான் அது. பாடிய ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஆனா போனது பாடி மட்டும்தான் போல."



சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'வரேன்' என்று சொல்லமாட்டார்கள். 'போயிட்டு வாங்க' என்றும் சொல்லமாட்டார்கள். செத்தவனைப் பார்த்தே அதைச் சொல்லியிருக்கிறாள் அவள்.

விலாசமும் எழுதிக் கொடுத்து.

பெட்டியைக் கவிழ்த்தாள். காலையில் எழுதிய பதினாறு சீட்டும் இருந்தன. பதினேழாவது இல்லை. பெட்டியின் அடியில் ஒரு சிட்டிகை சாம்பல் நிறத் தூள். விரலில் தொட்டாள். சிமெண்ட்.

கிருபாவைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது. கிருபா.

"யம்மா, நீ அனுப்பின ஆள் வந்திருக்காரு."

"யாருட்டி? நான் யாரையும் அனுப்பலையே!"

"உன் கையெழுத்துச் சீட்டு வச்சிருக்காரும்மா. நம்ம விலாசத்துல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. நீதான் வாங்கன்னு சொன்னியாம்."

"கதவைச் சாத்துட்டி! சாத்து! உள்ளே வாங்கன்னு மட்டும் சொல்லிராத!"



"சொல்லிட்டனேம்மா. ரொம்பத் தூரத்துல இருந்து வந்த மாதிரி களைச்சுப்போய் நின்னாரு." கிருபா மூக்கை உறிஞ்சினாள். "என்னம்மா இது, வீடெல்லாம் சிமெண்ட் வாசம்?"

கர்ர்ர்ர்.

பனைவிளையில், அவள் வீட்டுக்குள், ஒரு நாற்காலி இழுபட்டது.

பிறகு போனுக்கு மிக அருகில், நிம்மதியாக, அந்தக் குரல்:

"வந்துட்டேன்க்கா."