வெயிட் கம்மி

ஜோவிதாவின் அம்மா யூனிஸ் வெளியூர் போய்விட்டு வந்தால், வலது தோளில் ஒரு சிவப்புத் தடம் இருக்கும். ஜோவிதா தைலம் எடுத்து வந்து தேய்த்துவிடுவாள். தம்பி தாவீது பக்கத்தில் உட்கார்ந்து, தைல நெடிக்குத் தும்மிக்கொண்டே இருப்பான். தள்ளிப் போய் உட்காரச் சொன்னால் கேட்க மாட்டான். அம்மா வந்த அன்று அவன் அம்மாவை விட்டு ஓர் அடிகூட நகர மாட்டான்.

அந்தத் தடம் லேப்டாப் பையின் வார் அழுத்தியதால் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குக் கணினியில் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. ஒரு வாரம் திருச்சி, ஒரு வாரம் மதுரை, ஒரு வாரம் நாகர்கோவில் என்று ரயிலேறிக்கொண்டே இருப்பாள். அவள் சுமந்துபோன லேப்டாப் அப்பாவுடையது. பெரியது, கறுப்பு, அம்மிக்கல் மாதிரி கனம்.

அப்பா தேவானந்தமும் வேலைக்காக ஊர் ஊராகப் போனவர்தான். போன வருடம் ஹைதராபாத் போன இடத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அங்கேயே இறந்துபோனார். அடக்கத்தன்று தாவீதைக் கீழ்வீட்டு ரமா ஆன்ட்டியிடம் விட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளை, பார்த்தால் பயந்துவிடுவான் என்றார்கள்.

சில நாள் கழித்து அப்பாவின் லேப்டாப் பை வீட்டுக்கு வந்தது. அதை மாடிக்குத் தூக்கிவந்த மாமா, “என்னா வெயிட்டு” என்று சொல்லிக் கூடத்தில் இறக்கி வைத்தார். துக்கம் கேட்க வந்தவர்களும் அதை நகர்த்தி வைக்கும்போது அதையேதான் சொன்னார்கள். வேறு என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பா எங்கே என்று தாவீது கேட்டான். “அப்பா இயேசப்பாகிட்ட போயிருக்காருடா” என்றார்கள். அவனும் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் என்றாலே ஒன்றும் புரியாது என்று பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

அம்மாவின் தோள்வலி கூடிக்கொண்டே போனது. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயணத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு லேப்டாப்பைப் பார்த்துச் சொல்லுங்கள், நாங்களே வாங்கித் தருகிறோம் என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மூன்று பேரும் சிட்லபாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போனார்கள். பழைய லேப்டாப்பும் பையோடு வந்தது. அதிலிருப்பதை எல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும் அல்லவா. எங்கே போகிறோம் என்று தாவீது கேட்டான்.

“வெயிட் கம்மியா ஒரு லேப்டாப் வாங்கப் போறோம். அம்மா ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு” என்றாள் அம்மா.

தாவீது கண்ணை அகல விரித்தான். அதற்குப் பிறகு ஆட்டோவில் அவன் கால் தரையில் நிற்கவில்லை. எதற்கு இவனுக்கு இவ்வளவு சந்தோஷம் என்று ஜோவிதாவுக்கு விளங்கவில்லை. அவளுக்கு அன்று சந்தோஷமே இல்லை. அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்த எழுத்துகள் அந்தப் பழைய லேப்டாப்பில் இருந்தன. அதை இனி யாரும் திறக்க மாட்டார்கள். ஆனால் அம்மாவின் தோளும் அவளுக்கு நினைவிருந்தது.

கடையில் சிட்டிபாபு என்று ஓர் அண்ணன் இருந்தார். வாய் ஓயாத மனிதர். “இன்னா மேடம், ஆபீஸ் வேலைக்கா, இல்ல பசங்க கேம் ஆடவா?” என்று கேட்டார். ஊருக்குக் கொண்டுபோக என்று அம்மா சொன்னதும், மெல்லிசு மெல்லிசாக நாலைந்து லேப்டாப்பை எடுத்து வரிசையாக வைத்தார். அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாமே லேசாகத்தான் இருந்தன. எதை எடுப்பதென்று தெரியாமல் விழித்தாள்.

ஜோவிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடை மேஜைமேல் எதைத் தூக்கினாலும் லேசாகத்தான் இருக்கும், ரயில்வே பாலத்தில் ஏறும்போதுதானே தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. பையிலிருந்த பழைய லேப்டாப்பை வெளியே எடுத்தாள். தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முதல் லேப்டாப்பை அதற்கான சார்ஜரோடு பைக்குள் வைக்கச் சொல்லி சிட்டிபாபுவைக் கேட்டாள்.

“அம்மா, இத மாட்டிக்கிட்டு அந்த மாடிப்படி ஏறி எறங்கிப் பாரு” என்றாள்.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வைத்திருந்த மேல்தளத்துக்கு அம்மா ஏறிப்போய் இறங்கி வந்தாள். வந்தவள் முகத்தைச் சுளித்தாள். லேப்டாப் லேசுதான், அதன் சார்ஜர்தான் செங்கல் மாதிரி இருந்தது. நிறைய பேர் மெஷினை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சார்ஜரை மறந்துவிடுவார்கள் என்று சிட்டிபாபுவும் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது உண்மையிலேயே இறகு மாதிரி இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர் ஒயரைச் செருக அதில் ஓட்டையே இல்லை. அதற்கென்று ஒரு குட்டிப் பெட்டியைத் தனியாகக் கொண்டுபோக வேண்டுமாம். அம்மா குடையை மறந்து வைத்துவிட்டு வராத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. குட்டிப் பெட்டி முதல் ஊரிலேயே தொலைந்துவிடும் என்று ஜோவிதா சொன்னாள். அம்மா அதைத் திருப்பி வைத்தாள்.

இதற்கிடையில் தாவீது கடை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு லேப்டாப்பையும் தொட்டு, “இது வெயிட் கம்மியா?” என்று கேட்டான். பிறகு கிரைண்டரைக் காட்டிக் கேட்டான். ஃபிரிட்ஜைக் காட்டியும் கேட்டான். சிட்டிபாபு சலிக்காமல் பதில் சொன்னார்.

கடைசியில் ஒரு சாம்பல் நிற லேப்டாப் வந்தது. சார்ஜர் செல்போன் சார்ஜர் அளவுதான். புரொஜெக்டர் ஒயருக்கு இடம் இருந்தது. ஒருமுறை சார்ஜ் போட்டால் பகல் முழுக்க ஓடும் என்றார் சிட்டிபாபு. அதைப் பையில் வைத்துக்கொண்டு அம்மா படியேறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. இதுதான் என்று முடிவாகிவிட்டது.

தாவீது சிட்டிபாபுவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். “நெஜமா வெயிட் கம்மியா?”

“தம்பி, நம்ம கடையில இதவிட கம்மி கெடையாது. நான் கேரன்ட்டி” என்றார் அவர். தாவீது பெரிய மனிதனைப் போல அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் மாலை அம்மா புதிய லேப்டாப்போடு நாகர்கோவிலுக்கு ரயிலேறினாள். பிள்ளைகள் இருவரும் வழக்கம்போல ரமா ஆன்ட்டி வீட்டில் தங்கினார்கள். தாவீது அழாமல் டாட்டா காட்டினான். எப்போதும் காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, எவ்வளவு சமத்தாகிவிட்டான் என்று ரமா ஆன்ட்டி மெச்சினார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் தாவீது தானாகவே முகம் கழுவினான். பவுடர் பூசிக்கொண்டான். தலைசீவி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் போய் நின்றான். ரமா ஆன்ட்டி தோசை சாப்பிடக் கூப்பிட்டார். வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் பந்து விளையாடக் கூப்பிட்டார்கள். அதற்கும் போகவில்லை. ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தான்.

ஜோவிதா போய் அவன் பக்கத்தில் நின்றாள். இங்கே என்னடா செய்கிறாய் என்று கேட்டாள்.

“அந்தக் கடை அண்ணா பொய் சொல்லிட்டாரு” என்றான் தாவீது. அவன் உதடு துடித்தது. “வெயிட் கம்மின்னு சொன்னாரு. நான் எவ்ளோ நேரமா வெயிட் பண்ணிட்டே இருக்கேன்.”

ஜோவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனத்துக்கும் வெயிட், காத்திருப்பதற்கும் வெயிட். அந்த லேப்டாப் இருந்தால் அம்மாவுக்காகக் கொஞ்சம் காத்திருந்தால் போதும் என்று இவன் நினைத்துவிட்டான். அதனால்தான் கடையில் அத்தனை கேள்வியும். அம்மா வந்ததும் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

அதற்குள் தாவீது இன்னொன்றும் சொன்னான்.

“அப்பா லேப்டாப்பு ரொம்ப வெயிட்டுன்னு மாமா சொன்னாருல்ல? எல்லாரும் சொன்னாங்கல்ல? அதான் அப்பா இன்னும் வரல. இப்ப அது வீட்டுல இருக்கு. அப்பா வரட்டும், அவருக்கும் அந்தக் கடையிலயே வாங்கலாம் அக்கா.”

ஜோவிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வருடமாக இவன் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

போயிருக்கார் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள். கடைக்குப் போனவரையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆபீசுக்குப் போனவரையும் அப்படித்தான் சொல்கிறோம். போயிருக்கிறவர் திரும்பி வந்துதானே ஆக வேண்டும். தாவீது அதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தான். சொன்னவர்கள்தான் சரியாகச் சொல்லவில்லை.

அம்மா வந்து சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா என்று ஜோவிதா ஒரு நிமிடம் யோசித்தாள். விட்டுவிட்டால் அவன் இன்னும் அப்பாவுக்காக நின்றுகொண்டே இருப்பான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவனை அழைத்துப்போய் மாடிப்படியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தாவீது, கேளு. வெயிட்டுன்னா எடை. பை கனமா இருக்குல்ல, அது. நீ பண்றது வேற வெயிட்டு. லேப்டாப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

தாவீது யோசித்தான். “அப்போ அப்பா எப்ப வருவாரு?”

அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத சொல்லை ஜோவிதா சொன்னாள்.

“அப்பா செத்துட்டாருடா. இனிமே வரமாட்டாரு.”

“எவ்ளோ வெயிட் பண்ணாலுமா?”

“எவ்ளோ வெயிட் பண்ணாலும்.”

தாவீது அழுதான். பவுடரெல்லாம் கரைந்து போகும்படி அழுதான். ஜோவிதாவும் அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு ரமா ஆன்ட்டி ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவர்களுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். தோசைக்கல் அடுப்பிலேயே காய்ந்து புகைந்தது.

வெகுநேரம் கழித்துத் தாவீது மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். “அம்மாவும் வரமாட்டாங்களா?”

“அம்மா வருவா. புதன்கிழமை காலையில வருவா. அம்மாவுக்கு வெயிட் பண்ணலாம். அப்பாவுக்கு வேணாம், சரியா?”

அவன் சரியென்று தலையாட்டினான். இந்த முறை விளையாட ஓடவில்லை. அக்காவின் மடியில் படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை வாசலில் நின்று காத்திருக்க வேண்டாம், ஸ்டேஷனுக்கே போகலாம் என்று ஜோவிதா சொன்னாள். அம்மா ஆட்டோவில் வந்துவிடுவாளே என்று ரமா ஆன்ட்டி சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே இருவரையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனார். தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக அம்மா இறங்கினாள். பிள்ளைகளைப் பார்த்ததும் பயந்துபோய், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தாள்.

தாவீது அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

“அம்மா, அப்பா செத்துட்டாரு. உனக்குத் தெரியுமா?”

அம்மாவின் முகம் மாறியது. அவள் ஜோவிதாவைப் பார்த்தாள். ஜோவிதா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அம்மா மெதுவாகக் குனிந்து, “தெரியும்டா கண்ணா” என்றாள். இந்த ஒரு வருடத்தில் பிள்ளைகள் முன்னால் அவள் ஒருமுறைகூட அழுததில்லை. இப்போதும் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள்.

“நானும் அக்காவும் அழுதுட்டோம்” என்றான் தாவீது. அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். “நீயும் அழும்மா. பையை நான் வச்சிருக்கேன்.”

அம்மா அங்கேயே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஜோவிதாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். தாவீது பையோடு பக்கத்தில் நின்றான். அம்மா அழுது முடிக்கும்வரை அவன் அதைக் கீழே வைக்கவே இல்லை.