அவள் குடிக்காத காவா

சளார்!

செம்மண் குழம்பு முகத்தில் அறைந்தது. ஷுரூக் கண்களைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, தண்ணீர் லாரி ஒன்று சோலார் பண்ணையின் வாசலில் பெருமூச்சு விட்டபடி நின்றிருந்தது. அவளுடைய கறுப்பு அபாயா அங்கியில் பாதி காவி நிறம். பிக்கப் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்த இயந்திரத்துக்கும் அதே கதி.

அது அவளுடைய இரண்டு வருட உழைப்பு.

சவூதியின் அல் அஹ்சாவில் மழை விழுந்தால், அதைக் கொண்டாட ஊரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பாலைக்கு ஓடும். ஷுரூக் ஒருத்திதான் வானத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். புழுதி படிந்த பேனல்மேல் மழை விழுந்தால் சேறு. சேறு காய்ந்தால் ஓடு போல இறுகும்.

லாரியிலிருந்து ஒருவன் குதித்தான். நெடிய உருவம். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை அவசரத்தில் அள்ளிச் சுற்றியிருந்தான்.

"மன்னிச்சுக்கங்க... குழி இருந்தது தெரியல."

"குழி தெரியல. பிக்கப் தெரியல. ஆள் நிக்கிறது தெரியல. என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"இப்ப எல்லாம் தெரியுது..." என்றான் அவன். அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே வேறெதுவோ வந்தது... அதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள்.

"என்ன இது, நண்டா?" இயந்திரத்தைக் காட்டிக் கேட்டான்.

"பேனல் துடைக்கிற மிஷின். பக்கவாட்டுல போகும். சொட்டுத் தண்ணி வேணாம்."

"அப்ப நாங்க நாப்பது லாரிக்காரங்க எங்க போறது?"

"எண்ணெயை எரிச்சு, கடல்தண்ணியக் காய்ச்சி, நல்ல தண்ணியாக்கி, அதை லாரியில ஏத்தி வந்து சோலார் பேனலைக் குளிப்பாட்டுறீங்க. எண்ணெயை விட்டு விலகுற நாட்டோட லட்சணமா இது?"

அவன் சிரித்தே விட்டான்.

"என் பேர் ராக்கான். உங்க நாக்குக்கும் தண்ணி தேவைப்படாது போல..."

பண்ணை நிர்வாகம் அவளுக்குக் கொடுத்தது பத்து நாள், இரண்டு வரிசை பேனல். பத்தாம் நாள் அரசாங்கத்தின் பசுமை நிதிக்காரர்கள் பார்க்க வருவார்கள். மின்சாரம் குறையாமல் இருந்தால் அவளுடைய ஸ்டார்ட்அப் பிழைக்கும். இல்லாவிட்டால், அப்பா வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனியில் அவளுக்காக ஒரு மேஜை காத்திருக்கிறது. பெயர்ப்பலகைகூட அடித்து வைத்துவிட்டார்கள். அந்தப் பலகையில் தன் பெயரைப் பார்த்த அன்றுதான் அவள் நண்டுக்கு முதல் ஆணி அடித்தாள்.

முதல் நாளே தோல்வி. காய்ந்த சேற்றில் நண்டு ஏறியது. துடைக்கவில்லை, பூசியது. பேனல் முழுக்கச் சந்தனக் காப்பு! ஷுரூக் மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

நிழல் ஒன்று விழுந்தது. ராக்கான்.

"சிரிக்கணும்னா சிரிச்சுட்டுப் போங்க."

அவன் சிரிக்கவில்லை. பேனலை விரல் நுனியால் தடவினான். "எட்டு வருஷமா இதைத்தான் கழுவுறேன். நாளைக்கு விடியல்ல, சுபுஹுத் தொழுகை முடிஞ்ச கையோட வாங்க. ராத்திரி அடிச்ச கடல்காத்துக்கு இது மேல பனி பூத்து நிக்கும். வெயில் ஏற ஒரு மணி நேரம். அந்த நேரம் சேறு தானா இளகும்."

"இதை ஏன் எனக்குச் சொல்றீங்க? உங்க பொழப்புலல்ல மண் விழும்?"

"அதான் எனக்கும் புரியல..." என்றான் அவன், மணலைப் பார்த்து.

பனி பூத்திருந்தது. நண்டு ஓடிய இடமெல்லாம் கண்ணாடி மின்னியது. ஷுரூக் குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்தது. அதை எடுத்துவரப் போன ராக்கான், மறுநாள் பேரீச்சம்பழச் சாறு பிசைந்த சிவப்பு ரொட்டியோடு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை, காவலாளி கதவைத் திறக்கவில்லை. காகிதம் ஒன்றை நீட்டினான். தண்ணீர் ஒப்பந்தக்காரர் ஆட்சேபம். பரிசோதனை நிறுத்தம். கீழே கையெழுத்து: அபு ராக்கான்.

ராக்கானின் தகப்பன்!

அவன் ஓடிவந்தான். "ஷுரூக், ஒரு நிமிஷம்..."

"சம்பளத்துக்கு லாரி ஓட்டுறவன்னு நெனச்சேன்."

"ஓட்டுறவன்தான். லாரி எங்கப்பாவோடது... நீ கேக்கல."

"நான் ஜெயிக்கிறது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் தலை தொங்கியது. "நான்தான் சொன்னேன். சாப்பாட்டுல உட்கார்ந்து... பெருமையா சொன்னேன். இப்படி ஒரு பொண்ணு, இப்படி ஒரு மூளைன்னு... நிறுத்த முடியல. நான் பேசிப் பாக்குறேன் அவர்கிட்ட."

"வேணாம்." அவள் காகிதத்தை மடித்தாள். "எனக்கும் வாய் இருக்கு."

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, அபு ராக்கானின் மஜ்லிஸில், அந்த விருந்தினர் கூடத்தில், பதினைந்து ஆண்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அபாயா தெரிந்ததும் பேச்சு பட்டென்று நின்றது.

"பெண்கள் பகுதி அந்தப் பக்கம், மகளே," என்றார் அபு ராக்கான்.

"உங்க கையெழுத்து இந்தப் பக்கம்தானே இருக்கு?"

யாரோ இருமினார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பும் வீடு இல்லை அது. கை காட்டினார். உட்கார்ந்தாள்.

காவா என்கிற அரபுக் காப்பியை ஊற்றுவது வீட்டு மகனின் வேலை. ராக்கான் பித்தளைக் கூஜாவோடு வந்தான். ஏலக்காய் மணம் எழுந்தது. அவள் வலது கையால் கோப்பையை வாங்கினாள்.

குடிக்கவில்லை. கம்பளத்தின்மேல் வைத்தாள்.

பதினைந்து முதுகுகள் நிமிர்ந்தன. கோப்பையைக் கீழே வைத்த விருந்தாளிக்கு ஒரு தேவை இருக்கிறது. அது நிறைவேறாமல் குடிக்க மாட்டாள். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டின் மானம் ஊரெல்லாம் சந்தி சிரிக்கும். ஆனால் ஆண்கள் சபையில் ஒரு பெண் அதை வைத்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"கேளு," என்றார் அவர், தாடி அசையாமல்.

"அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்குங்க. மிச்ச நாள் எனக்கு வேணும்."

"நாப்பது லாரி. நாப்பது வீட்டு அடுப்பு. அதுல தண்ணி ஊத்த வந்திருக்க."

"எண்ணெய்க் கிணறு வத்துற அன்னிக்கு யாருக்குக் கடிதம் போடுவீங்க? நான் போனா இன்னொருத்தன் வருவான், வெளிநாட்டுலேருந்து. அவன் உங்க ஆளுங்க மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டான். எனக்கு உங்க ஆளுங்க வேணும். பேனலைத் தொட்டுத் தெரிஞ்ச கை அவங்ககிட்டதான் இருக்கு. பனியைப் பத்தி எனக்கா தெரியும்? உங்க லாரிக்காரன் ஒருத்தன்தான் சொன்னான்."

"எவன் அவன்?"

"நான்தான்பா." ராக்கான் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "நாளைக்குக் கேட்டாலும் சொல்வேன்."

அபு ராக்கான் கோப்பையை நோக்கி விரல் நீட்டினார்.

"காவா சில்லிட்டுப் போகுது, மகளே."

"போகட்டும்."

பெரியவர் மகனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். தாடிக்குள் எங்கோ ஒரு சிரிப்பு வழி தேடிக்கொண்டிருந்தது.

"குடி. கேட்டது கொடுத்தாச்சு. ஆனா ஒண்ணு... தோத்தா என் லாரியில ஏறி நீயே பேனலுக்குத் தண்ணி அடிக்கணும்."

"ஜெயிச்சா நாப்பது பேரையும் என்கிட்ட அனுப்பணும்."

"பேரம் வேறயா!" சபை குலுங்கியது. அவள் சில்லிட்ட காவாவை ஒரே மடக்கில் குடித்தாள்.

வெளியே வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. பிக்கப் கதவைத் திறக்கப்போன கை நின்றது. பின்னால் செருப்புச் சத்தம்.

"ஷுரூக்... அடுத்த வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். உங்கப்பா முன்னால நானும் கோப்பையைக் கீழ வைக்கப் போறேன்."

"வைக்காதே."

அவன் முகம் வெளுத்தது.

"எங்கப்பா மேஜை கொடுப்பார், பெயர்ப்பலகை கொடுப்பார். நான் அவர் எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்ல. முதல்ல என்கிட்ட கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"தோணிச்சு... மழையன்னிக்கே தோணிச்சு. பயமா இருந்துச்சு."

"யாரைப் பார்த்து?"

"உன்னைப் பார்த்துதான்! வேற யாரு இந்த ஊர்ல பயப்படுற மாதிரி இருக்காங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க அவள் முயலவில்லை.

"உங்க வீட்டுக்கு ரெண்டு தேவையோட வந்தேன், ராக்கான். ஒண்ணைத்தான் உங்கப்பாகிட்ட கேட்டேன்."

"இன்னொண்ணு...?"

"அது அவர் கொடுத்து நான் வாங்குறது இல்ல. என் முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்குது. அதுவா வந்தா எடுத்துக்குவேன்."

அவன் ஓர் அடி முன்னால் வைத்தான்.