சைகோன் பிரம்பு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிரம்பு வேர்த்திருந்தது. ழனெத் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நேற்றுத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டுப் பூட்டிய பெட்டி. பக்கத்தில் பட்டு அங்கி காய்ந்து கிடக்க, பிரம்பின் நுனியில் மட்டும் ஒரு சொட்டு திரண்டு நின்றது. கடலோர ஊரில் இரும்பே இற்றுப்போகிறது, பிரம்பு வேர்க்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துடைத்த பஞ்சு பழுப்பாக வந்தது. பழைய வார்னிஷாக இருக்கும்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தோசீனாவுக்கு, வியட்நாம் பக்கம், பிழைக்கப் போன புதுச்சேரிக் குடும்பங்களின் பொருள்களைத் திரட்டி, வீட்டு முன்கூடத்தில் அவள் ஒரு சின்ன அருங்காட்சியகம் அமைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கல்யாண உடைகள், கப்பல் பெட்டிகள், குடும்பப் படங்கள் எல்லாம் ஊரார் கொடுத்தவை. அங்கே போய் என்னென்ன சமைக்கக் கற்றோம் என்று சொல்லி மாளாத ஜனங்கள்தான். யார் முதுகில் கை வைத்தோம் என்று கேட்டால் மட்டும் காபி ஆறுகிறது என்பார்கள். ழனெத்தும் கேட்டதில்லை.

பிரம்பு அவள் வீட்டுச் சொத்து. கணவர் ஷார்லின் தாத்தா சைகோன் பக்கம் ஒரு சிறையில் காவலராக இருந்தவர். பரண்மேல் சாக்கில் சுற்றி, யாரும் தொடாமல் கிடந்ததை அவள்தான் இறக்கினாள். காட்டியபோது ஷார்ல் தலையை ஆட்டினார். வாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போனதிலிருந்து அந்தத் தலை ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அவள் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டாள்.

ஷார்லுக்கு உடம்பு துடைக்கும் அஞ்சலாட்சி மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"மதாம், இங்க வந்து பாருங்க. ஐயா முதுகுல ஏதோ தடிச்சிருக்கு."

விரல் தடிமனில், விலாவிலிருந்து விலாவுக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த கோடுகள். இரண்டு இடத்தில் தோல் பிளந்து நிணம் கசிந்தது. ழனெத்துக்குக் கோபம் வந்தது. வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

"யாரு அடிச்சது?"

"தெரிலீங்க மதாம். எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் தொடல."

"போயிடு. நாளையிலேர்ந்து வராத."

அஞ்சலாட்சி அழவில்லை. துண்டை மடித்து வைத்தாள். "போறேன். ஆனா ஐயாவுக்கு எம்மேல பயமில்ல. அவரு கண்ணு வாசப்படியவே பாக்குது, மதாம்."

மறுநாள் மதியம், கடைகள் அடைத்துத் தெருவே சாப்பிட்டுத் தூங்கும் நேரம், மாடியில் ஷார்லைப் படுக்கவைத்துவிட்டு ழனெத் கீழே பிரம்புக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். மர ஜன்னல்கள் சாத்தியிருந்தன; இடுக்கில் நுழைந்த வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது; மின்விசிறி முனகியது; எங்கிருந்தோ மூத்திரமும் துருவும் கலந்த, ஈரக் கல்லில் நாள்பட்ட வேர்வை ஊறிய நாற்றம் மெல்ல மெல்ல ஏறி, அவள் வாயில் போட்டிருந்த ஏலக்காயையும் கசக்க வைத்தது. 'கடமை தவறாத காவலர்' என்று எழுதினாள். மேலே யாரோ பாய் தட்டுவது போல் ஒரு சத்தம் கேட்டது.

பாய் தட்ட யார் இருக்கிறார்கள்?

நிமிர்ந்தாள். பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே பிரம்பு இல்லை.

மறுபடியும் அந்தச் சத்தம். கூடவே ஷார்லின் ஊளை.

ஓடினாள். படிகளில் ஈரக் காலடிகள். வெறுங்கால்கள். ஒருவருடையது அல்ல. மிதித்தால் குளிர்ந்தது.

ஷார்ல் குப்புறக் கிடந்தார். சட்டை கிழிந்திருந்தது. சட்டைக்குள் முதுகென்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. ழனெத் அவர்மேல் விழுந்து, கை கால் பரப்பி, தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். முப்பது வருஷமாகத் தெரிந்த உடம்பு. இதையாவது காப்பாற்ற வேண்டும்.

"அடிக்காதீங்க. இவரு ஒண்ணும் பண்ணல. நான்தான் எடுத்து வெச்சேன். என்னை அடிங்க."

காற்று கிழிந்தது.

அவள்மேல் எதுவும் படவில்லை. ஒரு தூசுகூட. அவளுக்கு அடியில் ஷார்ல் துள்ளினார். தோல் பிளப்பதை அவள் மார்பு உணர்ந்தது. ரவிக்கை அடியிலிருந்து நனைந்தது. வெதுவெதுப்பாக.

மறுபடியும். அவளைத் தாண்டி. அவருக்கு மட்டும்.

இன்னும் இறுக்கினாள். பயனில்லை. மறுபடியும்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கட்டிலருகே மொட்டைத் தலையோடு ஒருவன். கணுக்காலில் விலங்கு அறுத்த புண். சைகோன் கைதி. முகத்தில் கோபம் இல்லை. அடித்து முடித்தவன் பிரம்பைப் பின்னால் நீட்டிவிட்டு ஒதுங்கினான்.

அவனுக்குப் பின்னால் இன்னொருவன். வாசலில் இன்னொருவன். படி நெடுக மொட்டைத் தலைகள், சத்தமில்லாமல், வரிசை கலையாமல். ஜன்னல் இடுக்கில் தெரு தெரிந்தது. வெள்ளை வெயிலில், கடற்கரைப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நின்றிருந்தார்கள்.

அடுத்தவன் உள்ளங்கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, பிரம்பை வாங்கினான்.